வார்டிலிருந்தே தலைமை: செவிலியர் முடிவெடுக்கவும் தொடர்ந்து படிக்கவும் வழி செய்வது எப்படி

காலை ஆறு மணிக்கு ஒரு வார்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நைட் டியூட்டி முடிய இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கும். ஆறு மணி ஆன்டிபயாடிக் போட வேண்டும், லேபுக்கு ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும், எல்லோருக்கும் பிபியும் டெம்பரேச்சரும் பார்த்துச் சார்ட்டில் ஏற்ற வேண்டும், சிறுநீர் சேரும் பையை அளந்து காலி செய்து 24 மணி நேரக் கணக்கைக் கூட்டி முடிக்க வேண்டும். ஏழு மணிக்கு அடுத்த ஷிஃப்ட் வந்து நிற்கும்போது ஹேண்டோவருக்கும் தயாராக இருக்க வேண்டும். இவ்வளவும் ஒரே நேரத்தில் வந்து குவிய வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. ஒவ்வொரு துறையும் தன் வசதிக்கு ஒரு நேரத்தைக் குறித்தது. எல்லாம் சேர்ந்து நைட் சிஸ்டர் தலையில் விழுந்தது.

இதை எப்படிச் சரிசெய்யலாம் என்று அவரைக் கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஆனால் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், அவர் சொன்ன யோசனை என்ன ஆயிற்று என்று யாரும் திரும்பி வந்து சொல்வதில்லை.

செவிலியர்களிடம் தலைமைப் பண்பை வளர்க்கிறோம் என்று இரண்டு நாள் வகுப்பு நடக்கும், சான்றிதழ் தருவார்கள், குரூப் போட்டோவும் எடுப்பார்கள். மூன்றாம் நாள் வார்டுக்குத் திரும்பியவர் மருந்து ட்ராலியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்தக்கூட அனுமதி கேட்டு நிற்க வேண்டுமென்றால் அந்த இரண்டு நாளும் தண்டம். முடிவெடுக்கும் உரிமையும் அந்த முடிவுக்குத் தேவையான படிப்பும் சேர்ந்தே போக வேண்டும். இரண்டுக்கும் டியூட்டி லிஸ்டில் நேரம் இருக்க வேண்டும். கீழே சொல்லப்போவது முழுக்க இதைச் செய்யும் வழிதான். வார்டு இன்சார்ஜ், நர்சிங் சூப்பரின்டெண்டெண்ட், பல வருடம் வேலை பார்த்த ஸ்டாஃப் நர்ஸ் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். நோயாளியோடு சேர்ந்து சிகிச்சை முடிவெடுப்பது வேறு விஷயம். இங்கே பேச்சு, செவிலியர்கள் தங்கள் வேலையைப் பற்றித் தாங்களே முடிவெடுப்பது பற்றி.

புதுக் கண்டுபிடிப்பும் இல்லை இது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செவிலியர் பற்றாக்குறை கடுமையாக இருந்தபோது, சில மருத்துவமனைகளில் மட்டும் ஆட்கள் விலகாமல் நிலைத்து நின்றார்கள். ஏன் என்று அமெரிக்க நர்சிங் அகாடமி ஆராய்ந்தது. 41 மருத்துவமனைகளை அடையாளம் கண்டு 1983-ல் அறிக்கை வெளியிட்டது. நிர்வாகத்தில் செவிலியருக்குப் பங்கு இருப்பதும், மேற்கொண்டு படிக்க வாய்ப்பு இருப்பதும் அங்கெல்லாம் பொதுவாகத் தெரிந்தன. சிறந்த நர்சிங் பணிக்காக மருத்துவமனைகளுக்குத் தரும் ‘மேக்னெட்’ அங்கீகாரம் என்று இன்று பேசப்படுவதற்கு விதை அதுதான்.

படி 1: எந்த முடிவு யார் கையில் என்று எழுதுங்கள்

வார்டு முடிவுகளை எடுக்கச் செவிலியர் குழு ஒன்றை அமைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலோர் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில், வார்டு செவிலியர்கள் தாங்களே முடிவெடுத்து நடத்தக்கூடியவை. இரண்டாவதில், வேறு துறையைக் கலந்து பேசி முடிவெடுக்க வேண்டியவை. மூன்றாவதில், கருத்துச் சொல்லலாம், முடிவு வேறு இடத்தில் என்பவை.

மேலே சொன்ன காலை ஆறு மணி நெரிசலையே எடுத்துக்கொள்வோம். சிறுநீர்க் கணக்கை எத்தனை மணிக்கு முடிப்பது என்பது, பெரும்பாலான வார்டுகளில், முதல் பத்தி. ஐந்து மணிக்குக் கணக்கை மூடுவது என்று வார்டே தீர்மானித்து, அதே நேரத்தைத் தினமும் பின்பற்றினால் 24 மணி நேரக் கணக்கு கெடாது. மாற்றும் அந்த ஒரு நாள் மட்டும் கணக்கு குறைந்த நேரத்துக்கானது என்பதைச் சார்ட்டில் குறித்து, டாக்டருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வழக்கமான ரத்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் நேரம் இரண்டாவது பத்தி. லேப் எத்தனை மணிக்கு மாதிரிகளை எடுத்துக்கொள்ளும், டாக்டர் ரவுண்ட்ஸுக்கு முன் ரிப்போர்ட் வேண்டுமா என்றெல்லாம் பேச வேண்டும். ஆன்டிபயாடிக் இடைவெளி மூன்றாவது. அது டாக்டரும் மருந்தாளுநரும் பார்க்க வேண்டியது. நம் இஷ்டத்துக்கு ஆறு மணி டோஸை எட்டு மணிக்குத் தள்ள முடியாது.

இந்தத் தாளில் சூப்பரின்டெண்டெண்ட் கையெழுத்துப் போட வேண்டும். ‘எல்லாவற்றையும் சேர்ந்தே முடிவு செய்வோம்’ என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு, முதல் முடிவையே மேலிடம் தள்ளுபடி செய்தால், அடுத்த கூட்டத்துக்கு யார் வருவார்? முதல் பத்தியில் நாலே நாலு விஷயம் இருந்தாலும் பரவாயில்லை. அந்த நாலும் உண்மையாக இருக்க வேண்டும்.

படி 2: குழுவைத் தேர்ந்தெடுங்கள், நியமிக்காதீர்கள்

ஒரு வார்டுக்கு ஐந்து முதல் எட்டுப் பேர் போதும். சக செவிலியர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். நியமனம் என்றால் இன்சார்ஜுக்குப் பிடித்தவர்கள்தான் உள்ளே போனார்கள் என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சில் பாதி உண்மையும் இருக்கும்.

இரண்டு இடங்களை மட்டும் ஒதுக்கி வையுங்கள். ஒன்று, அதிகமாக நைட் பார்ப்பவருக்கு. இன்னொன்று, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு. புதிதாக வந்தவர்களுக்கு வார்டின் அபத்தங்கள் கண்ணில் படும். நமக்கு அவை பழகிப்போயிருக்கும்.

தலைவராக இன்சார்ஜ் இருக்கக் கூடாது. கூட்டத்தில் உட்காரலாம், தகவல் தரலாம், கடைசியில் பேசலாம். பதவிக்காலம் இரண்டு வருடம் என்றால், வருடத்துக்குப் பாதிப் பேர் மாறும்படி வையுங்கள். எல்லோரும் ஒரே நாளில் இறங்கினால் பழைய விஷயம் தெரிந்தவர் ஒருவரும் மிஞ்சமாட்டார்.

படி 3: நேரத்தை வாங்குங்கள்

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் இன்சார்ஜாக இருந்தபோது ஆரம்பித்த முதல் வார்டுக் குழு எட்டு மாதத்தில் செத்துப்போனது. கூட்டம் மதியம் மூன்று மணிக்கு. காலை ஷிஃப்ட் முடித்தவர்கள் பேருந்தைத் தவறவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மதிய ஷிஃப்ட்காரர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து ஓடினார்கள். நைட் பார்ப்பவர்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குழுவின் முதல் கோரிக்கை மேலே போனது. நாலு மாதம் பதிலே இல்லை. அப்புறம் ஒருநாள் கூட்டத்துக்கு இரண்டே பேர் வந்தோம், நானும் ஒரு சிஸ்டரும். அவரும் என் மேல் உள்ள மரியாதைக்காக வந்தவர். நிர்வாகத்தைத் திட்டிக்கொண்டே நாற்காலிகளை அடுக்கிவைத்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் தவறு என்னுடையதும்தான். நேரம் கேட்காமல் ஆரம்பித்தேன்.

கணக்குப் போட்டுக் கேளுங்கள். ஆறு பேர், மாதம் இரண்டு மணி நேரம். மொத்தம் 12 மணி நேரம். எட்டு மணி நேர ஷிஃப்டில் பார்த்தால் ஒன்றரை ஷிஃப்ட். ஒரு வார்டுக்கு மாதம் ஒன்றரை ஷிஃப்ட் என்று எழுதிக் கேட்டால் நிர்வாகத்தால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியும். ‘ஒத்துழைப்பு வேண்டும்’ என்று கேட்டால் தலையாட்டிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

கூட்ட நேரம் டியூட்டி லிஸ்டில் டியூட்டியாகவே பதிவாக வேண்டும். நைட் பார்ப்பவருக்கு அது ஓய்வு நேரத்தில் விழுந்தால் அந்த மணி நேரத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். அல்லது கூட்டத்தை மாதம் விட்டு மாதம் காலை ஏழரைக்கு, நைட் முடிகிற நேரத்தில் வையுங்கள். வீடியோ அழைப்பில் சேர்வதும் பரவாயில்லை.

‘ஆளே இல்லை, இதில் கூட்டமா?’ என்பார்கள். பற்றாக்குறை உண்மைதான். 2023-ல் உலகம் முழுக்க 58 லட்சம் செவிலியர்கள் குறைவாக இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆனால் இருக்கிற ஆளும் விட்டுப் போனால், புதிதாக வருபவரைத் தனியாக ஷிஃப்ட் பார்க்கும் நிலைக்குக் கொண்டுவரப் பல வாரம் பிடிக்கும். அந்த வாரங்களில் கரையும் நேரத்தோடு ஒன்றரை ஷிஃப்டை ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

படி 4: முதல் பிரச்சினை சின்னதாக இருக்கட்டும்

சம்பளம், ஆள் எண்ணிக்கை என்று ஆரம்பித்தால் முதல் கூட்டத்திலேயே சுவரில் முட்டிக்கொள்வீர்கள். முதல் பத்தியிலிருந்து ஒன்றை எடுங்கள். எல்லோருக்கும் தினமும் எரிச்சல் தருகிற ஒன்று. முடிந்தால், ஆறு வாரத்துக்குள் மாற்றம் கண்ணுக்குத் தெரிகிற ஒன்று.

அப்புறம் எண்ணுங்கள். காலை ஆறு மணிப் பிரச்சினை என்றால், ஏழு நாளைக்கு ஒரு சாதாரணத் தாளை மருந்து ட்ராலியில் ஒட்டி வையுங்கள். ஆறு மணி டோஸ் அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஒரு கோடு. டோஸ் கலக்கும்போது நடுவில் யாராவது கூப்பிட்டால் ஒரு கோடு. ஹேண்டோவர் ஏழேகாலைத் தாண்டினால் ஒரு கோடு. பெயர் எழுத வேண்டாம். பெயர் எழுதினால் கோடே விழாது.

ஏழு நாள் கழித்துத் தாளைப் பார்த்தால் பெரும்பாலும் ஆச்சரியம் காத்திருக்கும். ரத்தம் எடுப்பதுதான் நேரத்தைத் தின்கிறது என்று எல்லோரும் நினைத்திருப்போம். தாளைப் பார்த்தால், குறுக்கே கூப்பிடுவதற்கான கோடுகள்தான் குவிந்திருக்கும். அப்படியென்றால் லேபோடு சண்டை போடத் தேவையில்லை. மருந்து கலக்குபவரை அந்த நேரத்தில் யாரும் கூப்பிடாமலிருக்க ஓர் ஏற்பாடு போதும். எண்ணாமல் இருந்திருந்தால் லேபுக்குக் கடிதம் போயிருக்கும், ஒரு வருடப் பகை மிஞ்சியிருக்கும்.

மாற்றத்தை முழு வார்டிலும் ஒரேயடியாக இறக்காதீர்கள். ஒரு பக்கப் படுக்கைகளில் மட்டும் இரண்டு வாரம். மறுபடி எண்ணுங்கள். சரியாக வந்தால் மறுபக்கம். வரவில்லையென்றால் மாற்றிப் பாருங்கள். திட்டமிடு, செய், பார், திருத்து என்று தரக் கட்டுப்பாட்டில் சொல்லும் சுற்று இதுதான்.

படி 5: கூட்டத்தில் யார் முதலில் பேசுவது

இளையவர் முதலில், மூத்தவர் கடைசியில். இந்த ஒரு விதி மற்ற எல்லா விதிகளையும்விட வேலை செய்யும். பதினைந்து வருட அனுபவம் உள்ளவர் ‘எனக்கு என்ன தோணுதுன்னா…’ என்று ஆரம்பித்துவிட்டால், ஆறு மாத அனுபவம் உள்ளவர் வாயைத் திறக்கமாட்டார்.

பேசப் பயமில்லாத இடமா என்பது சின்ன விஷயம் இல்லை. 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகமாக இருந்தன. தவறு கூடுதலாக நடந்ததால் வந்த எண்ணிக்கை அல்ல அது. நடந்ததை வெளியே சொல்லப் பயப்படாததால் வந்தது என்பதே அவருடைய விளக்கம். ஆகவே குழு தொடங்கிய பிறகு உங்கள் வார்டில் தவறு அறிக்கைகள் கூடினால் பதறாதீர்கள். மேலிடத்துக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் ‘குழு வந்த பிறகு தவறு கூடிவிட்டது’ என்று யாராவது கிளப்பிவிடுவார்கள்.

கூட்டக் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. என்ன முடிவு, யார் செய்வது, எந்தத் தேதிக்குள். கோரிக்கை மேலே போனால் 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும் என்பதை முதல் படியின் தாளிலேயே சேர்த்துவிடுங்கள். பதில் ‘முடியாது’ என்றே இருக்கட்டும், காரணம் இருந்தால் குழு உயிரோடு இருக்கும். பதிலே வராமல் கிடப்பில் போனால்தான் செத்துப்போகும்.

படி 6: படிப்பை முடிவோடு கட்டிவையுங்கள்

தொடர் கல்வி என்றால் வருட ஆரம்பத்தில் ஓர் அட்டவணை வரும். ஜனவரி தொற்றுக் கட்டுப்பாடு, பிப்ரவரி தீ விபத்து, மார்ச் வேறு எதுவோ. வருகைப் பதிவில் கையெழுத்து, டீ, முடிந்தது. சட்டப்படி தேவையானவற்றை அப்படி நடத்தித்தான் ஆக வேண்டும். ஆனால் தலைமை அதிலிருந்து வராது.

குழு கையில் எடுத்த பிரச்சினைக்கு என்ன தெரிய வேண்டுமோ அதை அந்த மாதமே கற்றுக்கொடுங்கள். கோடு போட்ட தாளைக் கையில் வைத்திருப்பவருக்கு, அதை வரைபடமாக்கி நிர்வாகத்தின் முன் வைக்கக் கற்றுத்தர இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலை விளக்கேந்திய பெண்மணியாகவே நினைவு வைத்திருக்கிறோம். கிரிமியப் போரில் காயத்தைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால் வீரர்கள் செத்ததை அவர் 1858-ல் வட்ட வரைபடமாகப் போட்டு மேலிடத்தின் முன் வைத்தார். லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரும் அவர்தான். எண்ணத் தெரிந்த செவிலியரை மேலிடத்தால் எளிதில் ஒதுக்க முடியாது.

இப்படிக் கற்க வேண்டியவை பெரிய பட்டியல் இல்லை. கூட்டம் நடத்துவது, எண்களைப் படிப்பது, ஓர் ஆய்வுக் கட்டுரையை நம்பலாமா என்று பார்ப்பது, சக ஊழியரிடம் குறையை முகத்துக்கு நேரே மரியாதையாகச் சொல்வது. இவற்றோடு, நள்ளிரவில் டாக்டரை எழுப்பிப் பேசுவது. இதற்கு எஸ்பார் முறை உதவும்: இப்போது நிலைமை என்ன, பின்னணி என்ன, எனக்கு என்ன தோன்றுகிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து வந்த முறை இது. நம் ஆட்கள் முதல் இரண்டையும் நன்றாகச் சொல்வார்கள். மூன்றாவதில் குரல் இறங்கும். நான்காவதில் ‘நீங்களே பார்த்துச் சொல்லுங்க டாக்டர்’ என்று முடித்துவிடுவார்கள். பயிற்சி வேண்டியது கடைசி இரண்டுக்கும்தான். இருவர் இருவராக உட்கார்ந்து, போனில் பேசுவது போலவே பேசிப் பழகுங்கள். ‘ஆக்சிஜன் சாச்சுரேஷன் குறைஞ்சுட்டே வருது, எனக்குப் பயமா இருக்கு, நீங்க இப்ப வந்து பாருங்க’ என்பது வாயில் வரும்வரை.

எல்லோருக்கும் ஒரே வகுப்பு வேண்டாம். புதியவரிலிருந்து வல்லுநர்வரை செவிலியர் ஐந்து நிலைகளைக் கடக்கிறார் என்று நர்சிங் அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984-ல் விளக்கினார். விமானிகளையும் செஸ் ஆட்டக்காரர்களையும் வைத்து உருவான ஒரு மாதிரியை அவர் நர்சிங்குக்குக் கொண்டுவந்தார். அதில் இன்சார்ஜ்கள் மறந்துவிடும் ஒரு விஷயம் உண்டு. ஐசியூவில் வல்லுநராக இருந்தவரைக் குழந்தைகள் வார்டுக்கு மாற்றினால் அவர் அங்கே மறுபடி கீழ்ப்படியிலிருந்துதான் ஏற வேண்டும். ‘இருபது வருட சர்வீஸ், இது தெரியாதா?’ என்று கேட்டு அவரை அவமானப்படுத்துவது அநியாயம்.

கைத்திறன் சம்பந்தப்பட்டதைச் சிறிது சிறிதாக, அடிக்கடி வையுங்கள். இதயத்தை அழுத்தி உயிர்ப்பிக்கும் பயிற்சியில் கற்ற திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது. வருடத்துக்கு ஒரு நாள் முழுக்க நடத்துவதைவிட, வார்டிலேயே பொம்மையை வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் நடத்துவது நல்லது.

மேற்படிப்புக்கு விடுப்பு கேட்டுப் போகிறவருக்குக் கையில் கொடுத்தனுப்ப ஓர் ஆய்வு இருக்கிறது. நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கனின் குழு ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் நடத்தி 2014-ல் வெளியிட்டது. பட்டம் படித்த செவிலியர் விகிதம் 10 சதவீதம் கூடும்போது, அறுவை சிகிச்சை முடிந்த நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது அதே வாய்ப்பு 7 சதவீதம் ஏறியது. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். ஆளைக் குறைத்துவிட்டுப் படிக்க மட்டும் அனுப்பினால் என்ன பயன்?

படி 7: ஷிஃப்டை ஒப்படையுங்கள்

குழுவிலும் வகுப்பிலும் நன்றாக வருபவரை அடுத்து ஷிஃப்ட் பொறுப்புக்குத் தயார் செய்யுங்கள். முதல் இரண்டு ஷிஃப்ட், பொறுப்பில் இருப்பவரோடு கூடவே நிற்கட்டும். அடுத்த இரண்டில் அவர் நடத்தட்டும், மூத்தவர் பக்கத்தில் இருக்கட்டும். பிறகு தனியாக. ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் பத்து நிமிடம் உட்கார்ந்து ஒரே கேள்வி: ‘எந்த இடத்தில் தடுமாறினாய்?’ நோயாளிகளை யார் யாருக்கு எப்படிப் பிரித்தார், ஏன் அப்படிப் பிரித்தார் என்பதைச் சொல்லவைத்தாலே பாதி கற்பித்தல் முடிந்துவிடும்.

பொறுப்பு கொடுத்த பிறகு தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்காதீர்கள். நான் அப்படி எட்டிப் பார்த்திருக்கிறேன். கற்றவர் திரும்பித் திரும்பி என் முகத்தையே பார்த்தார்.

படி 8: இன்சார்ஜையும் கவனியுங்கள்

இதில் அதிகம் இழப்பது போலத் தோன்றுவது இன்சார்ஜுக்குத்தான். நேற்றுவரை அவர் சொன்னதுதான் வார்டில் சட்டம். அவருடைய பயத்தைப் புரிந்துகொள்ளாமல் குழுவைத் திணித்தால், அவர் எதிர்க்கமாட்டார்; கூட்ட நாளில் மட்டும் ஆள் குறைவாக டியூட்டி போடுவார். அவருக்கென்று தனிப் பயிற்சி கொடுங்கள்: கேள்வி கேட்பது, தடைகளை மேலே எடுத்துப்போவது, குழுவின் முடிவு தனக்குப் பிடிக்காவிட்டாலும் இரண்டு வாரம் விட்டுப்பார்ப்பது. நோயாளிக்கு ஆபத்து என்றால் மட்டும் அவர் உடனே நிறுத்தலாம். அந்த உரிமையும் எழுத்தில் இருக்கட்டும், நிறுத்தினால் காரணம் எழுத வேண்டும் என்பதும் இருக்கட்டும்.

படி 9: ஆறு மாதம் கழித்து என்ன பார்ப்பது

எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை பேர் வகுப்புக்கு வந்தார்கள் என்பதை எண்ணிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. வேறு சிலவற்றைப் பாருங்கள். மேலே போன கோரிக்கைகளில் எத்தனைக்கு 14 நாளில் பதில் வந்தது? வார்டே எடுத்த முடிவுகளில் எத்தனை இன்னும் நடைமுறையில் இருக்கின்றன? கூட்டத்தில் ஒரே மூன்று பேர்தான் பேசுகிறார்களா? கூட்ட நேரத்தில் எத்தனை முறை ஆட்கள் வார்டுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள்? பயிற்சியைப் பொறுத்தவரை, பிடித்திருந்ததா என்ற தாளை நிரப்பி வாங்குவதோடு நிற்காமல், மூன்று மாதம் கழித்து வார்டில் போய், கற்றதைச் செய்கிறார்களா என்று பாருங்கள். ஒரு நைட்டில் நின்று நாலு போன் அழைப்பைக் கேட்டால் எஸ்பார் பயிற்சி பலித்ததா என்று தெரிந்துவிடும்.

குழு மாறும்போது பழையவர்கள் புதியவர்களுக்கு ஒரு ஃபைலை ஒப்படைக்கட்டும். நோயாளிக்கு ஹேண்டோவர் கொடுப்பது போலவே, உட்கார்ந்து, முகம் பார்த்து. முதல் படியின் மூன்று பத்தித் தாள், எண்ணிய தாள்கள், ஒரு பக்கக் குறிப்புகள் எல்லாம் அதில் இருக்கும். ஃபைலின் மேலாக, இன்னும் பதில் வராத கோரிக்கைகளை அனுப்பிய தேதியோடு வையுங்கள்.